ஒன்றாம் நம்பர் வலி

ஆனி மாதம் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, விடியற்காலை ஐந்து மணி பத்து நிமிடம். மேகமூட்டம், மழை இல்லை. கூடத்துச் சுவரில் நான் மாட்டிவைத்திருக்கும் வெப்பமானி இருபத்தெட்டு டிகிரி காட்டியது. ஆண்டை மட்டும் கேட்காதீர்கள். போன வருடம் என்கிறேன் நான். அதற்கு முந்தின வருடம் என்கிறாள் என் மனைவி. வலி அவளுடையது என்பதால் அவள் சொல்வதே சரியாக இருக்கலாம்.

அந்த நேரத்தில் லோகநாயகி சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வாசற்படியில் உட்காரக் கூடாது என்று தெருவுக்கே சொல்கிறவள். இடது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு, நெற்றியெல்லாம் வேர்வையோடு, பால் பொங்கி அடுப்பில் வழிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்து அணைக்கவில்லை.

எங்கள் நாற்பத்தோரு வருட இல்லறத்தில் பால் பொங்கி அவள் எழுந்திருக்காத நாள் கிடையாது. நான் போய் அணைத்தேன்.

"என்ன லோகு?"

"ஒண்ணுமில்ல. முதுகுலேர்ந்து யாரோ கயிறு கட்டி இழுக்கற மாதிரி இருக்குது."

சொல்லிவிட்டு வாந்தி எடுத்தாள்.

சென்ற வாரம் என் முதல் சம்பளத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "எப்போதும் உங்களைப் பற்றியேதானா?" என்று கேட்டிருந்தார். நியாயம். ஆகவே இந்த வாரம் என் மனைவியைப் பற்றி. அனுமதி வாங்கிவிட்டேன். அவள் பேசியதை நான் "திருத்தி அழகாக்க" கூடாது என்பது நிபந்தனை.

எட்டுப் பேர் வண்டி

அந்த வேளையில் கிடைத்தது ஒரு ஷேர் ஆட்டோ. ஐயம்பேட்டைக்குப் போகிற வண்டி; ஆள் சேரட்டும் என்று தெருமுனையில் நின்றுகொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரி வரைக்கும் எவ்வளவுப்பா?"

"எட்டு பேர் ஏறுற வண்டி சார். எட்டு பேர் காசு கொடுத்துடு."

"நாங்க ரெண்டு பேர்தானே இருக்கோம்?"

டிரைவர் திரும்பி லோகுவைப் பார்த்தார். "அந்த அம்மா மூஞ்சியப் பாரு சார். காசு பேசற நேரமா இது?"

ஏறினேன். எட்டுப் பேர் இடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்தால் பள்ளத்தில் வண்டி இன்னும் அதிகமாகக் குதிக்கிறது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு குதிப்புக்கும் அவள் என் கையைப் பிடித்தாள். மூன்றாவது பள்ளத்துக்குப் பிறகு காதருகில் சொன்னாள்:

"டாக்டர் என்ன வேணா செய்யட்டும். முதுகுல ஊசி மட்டும் போடச் சொல்லிடாதீங்க."

இதற்குக் காரணம் அவளுடைய அக்கா. பல வருடங்களுக்கு முன் ஓர் அறுவை சிகிச்சைக்காக அக்காவின் முதுகுத்தண்டில் மரத்துப்போக ஊசி போட்டார்கள். அன்றிலிருந்து அக்காவின் முதுகு, மழை வருவதை இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுகிறது. ஊசிக்கும் அந்த வலிக்கும் சம்பந்தமில்லை என்று மூன்று டாக்டர்கள் சொல்லியாகிவிட்டது. மழைக்கும் அக்கா முதுகுக்கும் உள்ள தொடர்பை நானே ஒரு பருவம் முழுக்கக் குறித்துப் பார்த்து, பாதி நாள்தான் பலிக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். அதன் பிறகு ஒரு தீபாவளி வரைக்கும் அக்கா என்னோடு பேசவில்லை.

"போட விடமாட்டேன்," என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

சுவரில் ஆறு முகங்கள்

ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள். ஸ்டெல்லா என்ற நர்ஸ் வந்தாள். திருப்புட்குழியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். அன்று அவளுக்கு இரட்டை ஷிஃப்ட். லோகுவைக் கட்டிலில் படுக்கவைத்து, நாடி பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, கடைசியாகக் கேட்டாள்:

"அம்மா, ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லும்மா. வலி எத்தனை?"

லோகு கண்ணை மூடி யோசித்தாள். எதைக் கேட்டாலும் யோசித்துச் சொல்வதுதான் அவள் வழக்கம்.

"ஒண்ணு," என்றாள்.

"ஒண்ணுதானா? அப்ப பயப்படாதேம்மா. வாந்திக்கும் வலிக்கும் சேர்த்து ஊசி போட்டுடறேன்." அட்டையில் 1 என்று எழுதினாள்.

கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. வரிசையாக ஆறு வட்ட முகங்கள். முதல் முகம் சிரிக்கிறது, கீழே பூச்சியம். கடைசி முகம் அழுகிறது, கீழே பத்து. நடுவில் இரண்டு, நான்கு, ஆறு, எட்டு என்று வாய் மெல்ல மெல்லக் கவிழ்கிறது. படம் லோகுவின் தலைக்குப் பின்னால் இருந்ததால் அவளால் பார்க்க முடியாது. முன்னால் இருந்திருந்தாலும் பயனில்லை. கண்ணாடி வீட்டில், ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது. ஆகவே நோயாளிக்காக ஒட்டிய அந்தப் படத்தைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

ஒன்று என்றால் சிரிக்கிற முகத்துக்கு அடுத்த வீடு. எனக்குப் போன உயிர் வந்தது. கேன்டீனுக்குப் போய் ஒரு காபி குடித்தேன். நன்றாக இருந்தது. இன்னொன்றும் குடித்தேன்.

எண் என்று எழுதியதெல்லாம்

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முப்பத்து மூன்று வருடம் புள்ளிவிவரம் சேகரிக்கிற அலுவலகத்தில் வேலை பார்த்தவன். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க வரும் புதியவர்களுக்கு முதல் நாள் வகுப்பு என்னுடையது. "எண் என்று எழுதியதெல்லாம் எண் அல்ல" என்றுதான் தொடங்குவேன். அவர்கள் எழுதிக்கொள்வார்கள். பிறகு பையிலிருந்து ஒரு பட்டுச் சேலையை எடுத்து மேசைமேல் வைப்பேன். லோகுவினுடையது, பாடம் முடிந்ததும் மடிப்புக் கலையாமல் திரும்பிப் போக வேண்டும்.

சேலையின் நிறத்துக்கு ஓர் எண் உண்டு. நூல் நிற அட்டையில் பன்னிரண்டு என்றால் மாம்பழ மஞ்சள், இருபத்து நான்கு என்றால் மயில் கழுத்து. இரண்டு மாம்பழ மஞ்சள் சேர்ந்தால் ஒரு மயில் கழுத்து ஆகுமா? ஆகாது. அந்த எண் வெறும் பெயர். ஆகவே இது பெயர் அளவை, நான்கு வகை அளவைகளில் முதலாவது.

சேலைக்குத் தரம் உண்டு. முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம். இங்கே வரிசை உண்டு, ஆனால் இடைவெளி எவ்வளவு என்று தெரியாது. முதலுக்கும் இரண்டுக்கும் நடுவே ஓர் இழை வித்தியாசம் இருக்கலாம். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எலி கடித்த ஓட்டை இருக்கலாம். இது வரிசை அளவை.

நூலுக்குச் சாயம் ஏற்றுகிற தண்ணீரின் வெப்பம் மூன்றாவது. நாற்பதிலிருந்து ஐம்பதுக்கும், ஐம்பதிலிருந்து அறுபதுக்கும் இடைவெளி ஒன்றேதான். ஆனால் எண்பது டிகிரி என்பது நாற்பது டிகிரியின் இரண்டு மடங்கு சூடு அல்ல. அதன் பூச்சியம் நாமாக வைத்த பூச்சியம். அதே தண்ணீரை ஃபாரன்ஹீட்டில் எழுதினால் மடங்கு மாறிவிடும். இது இடைவெளி அளவை.

கடைசியாக எடை. எண்ணூறு கிராம் சேலை நானூறு கிராம் சேலையைப் போல உண்மையிலேயே இரண்டு மடங்கு. பூச்சியம் கிராம் என்றால் சேலையே இல்லை. கூட்டலாம், கழிக்கலாம், வகுக்கலாம். இது விகித அளவை; கணக்குப் போடுகிறவனுக்குச் சொர்க்கம்.

"முதல் இரண்டும் பண்பைச் சொல்கிறவை, அடுத்த இரண்டும் அளவைச் சொல்கிறவை. குழப்பிக்கொண்டால் ஊர் சிரிக்கும்," என்று முடிப்பேன்.

ஊர் சிரித்த கதையும் கைவசம் உண்டு. ஒரு முறை நெசவுத் தெரு ஒன்றில் தொழில் கணக்கு எடுத்தோம். நெசவுக்கு 1, விவசாயத்துக்கு 2, வியாபாரத்துக்கு 3 என்று குறியீடு. அந்தத் தெருவில் பாதிப் பேர் நெசவாளர், பாதிப் பேர் வியாபாரி. எங்கள் மேலதிகாரிக்குச் சராசரி என்றால் உயிர். எல்லாவற்றையும் கூட்டி வகுத்தார்; சரியாக இரண்டு வந்தது. ஒரு சென்ட் வயல்கூட இல்லாத அந்தத் தெருவாசிகள், சராசரியாக விவசாயிகள் என்று அறிக்கை போனது. உர மானியத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லிக் கடிதமும் வந்தது. ஒரு ஜரிகை வியாபாரி விண்ணப்பித்தும்விட்டார்.

இந்தக் கதையைச் சொல்லி எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். சொன்னவன் தன்னைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

டாக்டர் வெளியே அழைக்கிறார்

ஏழரை மணிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். "சார், கொஞ்சம் வெளியே வாங்க," என்றார். நம் ஊரில் நோயாளியின் விஷயத்தை நோயாளியைத் தவிர மற்றவர்களிடம் சொல்வதுதானே முறை.

"சிறுநீரகக் கல் சார். ஆறு மில்லிமீட்டர். பாதி தூரம் இறங்கியிருக்கு. தானா விழுந்துடவும் வாய்ப்பிருக்கு, மாட்டிக்கவும் வாய்ப்பிருக்கு."

"எப்படித் தெரியும்?"

"சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம். வலி குறைஞ்சுக்கினே வந்தா கல் இறங்குதுன்னு அர்த்தம். தண்ணி குடிச்சுட்டு வீட்டுக்குப் போயிடலாம். ஏறிக்கினே போனா மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம். அப்புறம் விடக் கூடாது. முதுகுல ஊசி போட்டு, குழாய் விட்டு எடுத்துடணும்."

ஆக எல்லாம் அந்த ஒற்றை எண்ணின் கையில் இருந்தது. எண் இறங்கினால் என் சத்தியம் பிழைக்கும். ஏறினால் போச்சு.

உள்ளே போனேன். "என்ன சொன்னாரு?" என்றாள் லோகு.

"சின்னக் கல்லாம். பார்த்துக்கலாம்னாரு." பயப்படுவாளே என்று மீதியைச் சொல்லவில்லை.

எட்டு மணிக்கு ஸ்டெல்லா வந்தாள். "இப்போ எத்தனைம்மா?"

"மூணு."

ஊசி போட்ட பிறகும் ஒன்றிலிருந்து மூன்றா?

பத்தரைக்கு வந்தாள். "அஞ்சு இருக்கும்," என்றாள் லோகு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

வராந்தாவில் ஸ்டெல்லாவை நிறுத்தினேன். "பாரும்மா, வலி வரிசை அளவையில் வருவது. மூன்று, ஐந்து என்றால் அதில் வரிசைதான் உண்டு. அந்த இரண்டு இடைவெளியும்..."

"சார், டாக்டர் வந்து நம்பர் கேப்பாரு. நான் எழுதியாகணும். இடைவெளி எல்லாம் நீங்க அவர்கிட்ட பேசிக்கோங்க."

அவள் போனதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? மருந்துக்கடை ரசீதின் பின்பக்கத்தில் இரண்டு கோடு போட்டேன். கிடைக்கோட்டில் நேரம், நெடுங்கோட்டில் வலி. புள்ளிகளை வைத்து இணைத்தேன். ஓர் அளவுகோல் வைத்ததைப் போல நேராக ஏறியது. கோட்டை நீட்டிப் பார்த்தால் மாலை ஐந்து மணிவாக்கில் பத்தைத் தொட்டது. வரிசை அளவையில் இந்த வேலை கூடாது என்று முப்பத்து மூன்று வருடம் பாடம் நடத்தியவன் நான். மனைவி கட்டிலில் படுத்திருக்கும்போது மனிதனுக்குக் கை சும்மா இருப்பதில்லை.

சாய்வு மேசை

லோகுவின் தொழிலையும் சொல்லிவிட வேண்டும். இருபத்தாறு வருடம் ஒரு பட்டு நெசவாளர் சங்கத்தில் சேலைகளைச் சோதித்துத் தரம் போட்டவள் அவள்.

சாய்வான மேசை, மேலே குழல்விளக்கு. நெய்து வந்த சேலையை அதன்மேல் விரித்து, முந்தியிலிருந்து கை வைத்துத் தடவிக்கொண்டே இழுப்பாள். இழை விட்டிருக்கிறதா, கரையும் உடலும் சேரும் இடம் நேராக ஓடுகிறதா, சாயம் ஓர் இடத்தில் திட்டாக நிற்கிறதா என்று கண் பார்ப்பதற்கு முன் விரல் பார்த்துவிடும். கடைசியில் ஓரத்தில் பென்சிலால் ஒரு நம்பர். குற்றம் சொல்ல முடியாதது ஒன்று. ஓர் இழை தவறினால் இரண்டு. நம்பர் ஏற ஏற மதிப்பு இறங்கும். ஒன்பது என்றால் ஏதோ சேலை என்று சொல்லலாம். பத்து என்றால் கணக்கிலேயே வராது. நெய்தவருக்கே திரும்பிப் போய்விடும்.

வீட்டிலும் இதே நம்பர்தான். சாம்பார், சம்பந்தி, தொலைக்காட்சி சீரியல் எல்லாவற்றுக்கும் தரம் உண்டு. மாகறலில் ஒரு கல்யாணப் பந்தியில் பாயசத்தை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு "ஏழு" என்றாள். எதிரில் பரிமாறிக்கொண்டிருந்த சமையல்காரர் நெஞ்சு நிமிர்ந்து இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனார்.

புத்திசாலி வாசகர்களுக்கு இந்நேரம் விஷயம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. நான் புள்ளியியல் படித்தவன்.

காபி கேட்ட நோயாளி

பகல் ஒரு மணிக்கு அவள் "ஏழு" என்றாள். கூடவே, "ஒரு வாய் காபி கிடைக்குமா?" என்றும் கேட்டாள்.

"ஒண்ணும் தரக் கூடாதும்மா," என்றாள் ஸ்டெல்லா. "ஒருவேளை ஆபரேஷன் ஆனா வயிறு காலியா இருக்கணும்."

"காலையிலேர்ந்து காலியாத்தான் இருக்குது. இதுல என்னத்தை ஒருவேளை?" என்று எரிந்து விழுந்தாள் லோகு.

வராந்தாவில் ஸ்டெல்லா என்னிடம், "பாவம் சார், வலி தாங்காம கோவம் வருது," என்றாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

பிறகு பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்க்க வந்த பெண்ணின் சேலையை லோகு உற்றுப் பார்க்கத் தொடங்கினாள். கண்ணாடி இல்லாமலே. "கிட்ட வாம்மா. இது எங்க எடுத்தது? கரை ஓடற இடம் பாரு, பாம்பு மாதிரி வளைஞ்சுக்கினு போவுது. எவ்வளவு கொடுத்தே? ஐயோ!" அந்தப் பெண் வாடிப்போய் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். வலியை மறக்கப் பேச்சுக் கொடுக்கிறாள் என்று நினைத்து நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மூன்றரைக்கு "எட்டு."

"எட்டுலயும் ஒரு முனகல் இல்ல," என்று வியந்தாள் ஸ்டெல்லா. "இந்த மாதிரி தைரியசாலியை நான் பார்த்ததே இல்ல சார்."

டாக்டர் வந்தார். விலாவில் அழுத்தினார். "வலிக்குதாம்மா?" "லேசா," என்றாள். வெளியே வந்து, "ஊசி மருந்து மறைக்குது சார். அது இருந்தும் எட்டுக்குப் போயிருக்குன்னா யோசிக்கணும்," என்றார். நான் ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தார்.

"நீங்களே கிராஃப் போட்டுட்டீங்களா? தெளிவா இருக்கே சார். அஞ்சரைக்குத் தியேட்டர் ரெடி பண்ணச் சொல்லிடறேன்."

என் கோட்டை ஒருவர் பாராட்டியது பணி ஓய்வுக்குப் பின் அதுதான் முதல் தடவை. சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். இருபத்தைந்தாயிரம் முன்பணம் கட்டினேன். பிறகு லோகுவிடம் போய் நின்றேன்.

"முதுகுல ஊசி போட்டுத்தான் எடுக்கணுமாம்."

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"சத்தியம் பண்ணீங்களே."

"வலி எட்டுக்குப் போயிடுச்சே லோகு."

"எட்டுக்குப் போனதுக்கு அப்புறம் எதுக்கு?"

"எட்டுக்குப் போனதாலதான்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டதோ, இந்த நேரத்தில் இவரையும் பக்கத்துக் கட்டிலில் சேர்க்கச் சொல்லலாமா என்று அப்போது யோசித்தாளாம். அதற்குள் மூக்குத்தியையும் வளையலையும் கழற்றச் சொல்லி ஸ்டெல்லா வந்துவிட்டாள். லோகு கழற்றி என் கையில் வைத்தாள். மூக்குத்தி இல்லாத அவள் முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சின்னப் பெண் முகமாக இருந்தது.

பத்து

பச்சை அங்கி மாட்டி, தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். கிளப்புவதற்கு முன் ஸ்டெல்லா அட்டையும் பேனாவுமாக நின்றாள்.

"கடைசியா ஒரு தரம் சொல்லிடும்மா. எத்தனை?"

"பத்து," என்றாள் லோகு.

"பத்தா! ஐயோ! தள்ளுங்கண்ணா சீக்கிரம்!"

வண்டி தள்ளுகிறவர் குனிந்தார். அந்த நேரம் பார்த்து லோகு எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் கூந்தலைக் கோதி, ஒரு சுழற்று சுழற்றிக் கொண்டை போட்டாள். போட்டுக்கொண்டே கேட்டாள்:

"முடிஞ்சதும் இட்லி தருவாங்களாம்மா? பசி உயிர் போவுது."

எனக்கு நேர் எதிரே சுவரில் அந்த ஆறு முகங்கள். பத்துக்கு மேலே உள்ள முகம் வாய் கோணிக் கண்ணீர் விட்டது. நான் அந்த முகத்தைப் பார்த்தேன். என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். மறுபடி வரிசையின் இந்தக் கோடிக்கு வந்து, பூச்சியத்தின் மேல் சிரிக்கிற முகத்தைப் பார்த்தேன்.

"வண்டியை நிறுத்துங்க," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். "நிறுத்துங்க!"

எல்லாரும் திரும்பினார்கள்.

"லோகு, வலி எப்படி இருக்குது?"

"அதான் பத்துன்னேனே."

"பத்துன்னா?"

"பத்துன்னா என்ன, உங்களுக்குத் தெரியாதா? கணக்குலயே இல்ல. மதியத்துக்கு மேல லேசா இருந்தது, அதுவும் போயிடுச்சு."

"அப்போ விடியக்காலையில ஒண்ணுன்னியே?"

அவள் கொண்டையிலிருந்து கையை எடுத்தாள்.

"செத்துப் போயிடுவேன்னு நினைச்சேன்," என்றாள்.

நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான் நான் போய்க் காபி குடித்தேன். இரண்டு.

ஸ்டெல்லாவுக்கு இன்னும் புரியவில்லை. "அம்மா, பத்துன்னா பெருசுதானேம்மா?"

"ஒண்ணாம் நம்பர் திருடன்னு சொல்றோம். அவன் சின்னத் திருடனா கண்ணு?"

வண்டி தள்ள வந்தவர்தான் முதலில் சிரித்தார். பிறகு பக்கத்துக் கட்டில், அதற்கடுத்த கட்டில். ஸ்டெல்லா அட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். லோகு மட்டும் சிரிக்கவில்லை.

"காலையிலேர்ந்து வந்து வந்து நம்பர் கேட்டீங்க. எப்படி இருக்குதும்மான்னு ஒருத்தர் கேட்டீங்களா? இந்த மனுஷனும் கேக்கல."

கேட்கவில்லைதான். வரிசை அளவையில் இடைவெளி தெரியாது என்று சொல்லித் தந்திருக்கிறேன். வரிசை எந்தக் கோடியிலிருந்து தொடங்குகிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்று ஒரு வகுப்பிலும் நான் சொன்னதில்லை. அது யாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

டாக்டர் ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டார். மறுபடி ஸ்கேன். கல் இறங்கிச் சிறுநீர்ப் பையிலேயே விழுந்திருந்தது. பகலிலேயே விழுந்திருக்க வேண்டும் என்றார். ஊசி வேண்டாம், குழாய் வேண்டாம்; இட்லி சாப்பிடலாம், நிறையத் தண்ணீர் குடிக்கலாம், வீட்டுக்குப் போகலாம்.

போகிற போக்கில் என் ரசீதை இன்னொரு முறை வாங்கிப் பார்த்தார். "சார், இதைத் தலைகீழாப் பிடிச்சிருந்தா ரொம்பச் சரியான கிராஃப்," என்றார். லோகு அப்போதுதான் சிரித்தாள். மூக்குத்தியைப் போடத் தெரியாமல் நான் விழித்ததைப் பார்த்து, என் கையிலிருந்து பிடுங்கித் தானே போட்டுக்கொண்டாள்.

காசாளர் ஜன்னல்

காசாளர், தியேட்டர் தயார் செய்ததற்கு ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு மீதி முன்பணத்தைத் திருப்பித் தந்தார். நடக்காத ஆபரேஷனுக்கு எதற்குக் கட்டணம் என்று சாதாரண நாளில் அரை மணி நேரம் சண்டை போட்டிருப்பேன். அப்படிச் சண்டை போட்டு மின்வாரியத்திலும் வங்கியிலும் எனக்கு நல்ல பெயர் உண்டு. அன்று அவர் நீட்டிய தாளை வாங்கி, கூட்டிப் பார்க்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து லோகு நான்காவது இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்குது?" என்றேன்.

"கெட்டியா இருக்குது. சட்னி பரவாயில்ல," என்றாள்.

வீட்டுக்கு வந்து அவள் படுத்த பிறகுதான் தாளைப் பிரித்துக் கூட்டினேன். ஸ்கேன் இரண்டு, கட்டில், ஊசி, மருந்து, தியேட்டர், எட்டுப் பேர் ஆட்டோ, திரும்பி வந்த ஆட்டோ, இட்லி எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்து இருநூற்று எண்பது ரூபாய்.